ஐந்தாம் பிரிவில் ஒரு தாய்

எங்கள் புதுச்சேரி இணைப்பை, இந்தியா, பிரான்ஸ் இரண்டுக்கும் நட்டமில்லாத பேச்சுவார்த்தை என்பார்கள். உண்மைதான். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. முடிச்சுகளை நிதானமாக அவிழ்த்தார்கள்.

ஆனால் குடியுரிமை பற்றிய ஐந்தாம் பிரிவைப் பெண்ணாக வாசியுங்கள். கணவனின் தேர்வு மனைவியைக் கட்டுப்படுத்தாதாம். அந்தக் காலத்துக்கு நல்ல வரி. மணமாகாத, பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளுக்கோ தந்தையின் அறிவிப்பே செல்லும். அவர் இறந்திருந்தால்தான் தாய். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஆறு மாதக் கெடுவுக்குள் கணவன் மட்டும் எழுதிக் கொடுத்தால், அவள் இந்தியர், பெற்ற பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்கள். அவளைக் கேட்கவே வேண்டியதில்லை. பதினெட்டானதும் பிள்ளைகள் இந்தியராக மாறிக்கொள்ளலாம். தாய்க்கு அந்த ஆறு மாதம்தான்.