இழந்ததை மீட்டலும் இழப்பைத் தாங்குதலும்

கலை ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் இயல்பு உண்டு. நாடகம் கண்முன் நிகழ்ந்து மறைவது. நூல் மீண்டும் மீண்டும் புரட்டிப் படிக்கத்தக்கது. காணொளி விளையாட்டின் இயல்பு யாது என வினவினால், செய்ததைச் செய்யாததாக்குவது என்று விடை கூறலாம். வீரன் மாண்டால், ஆடுபவன் முன்னரே சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறான். தவறிய அடி தவறாததாகிறது, மாண்டவன் மாளாதவனாகிறான். இத்தகைய கலையில் சாவுக்குப் பொருள் உண்டோ? இழப்பு இழப்பாகவே நிற்குமோ? இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு, அண்மையில் நான் ஆடி முடித்த மூன்று ஜப்பானிய ஆட்டங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'சிறுவர் பொழுதுபோக்குக்கும் திறனாய்வு வேண்டுமோ?' என ஆசிரிய நண்பர் சிலர் கேட்கக்கூடும். மாணவர் பலர் கதை கேட்பதும் கதையில் வாழ்வதும் இன்று இவ்வாட்டங்களின் வழியேதான் என்பதை மறத்தல் ஆகாது. அவர்கள் உள்ளத்தில் எத்தகைய கதை புகுகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் ஆசிரியர் கடமையன்றோ? மேலும், கூற வந்த மூன்றும் பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிடுவன அல்ல. அவற்றுள் இரண்டு முதிர்ந்தோர்க்கே உரியவை.

இவ்வகை ஆட்டத்தின் வரலாற்றைச் சில சொற்களில் கூறிவிடலாம். 1986 ஆம் ஆண்டு எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' ஜப்பானில் இவ்வகைக்குப் பெருவழி அமைத்தது. அதன் ஆசிரியர் யூஜி ஹோரி. மறு ஆண்டிலேயே ஸ்குவேர் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபேண்டஸி' தோன்றியது. 2003 ஆம் ஆண்டு அவ்விரு நிறுவனங்களும் ஒன்றாயின. ஆடுபவன் ஒரு பாத்திரத்தை ஏற்கிறான், தோழர் சிலருடன் நாடு நகரங்களைக் கடக்கிறான், ஊராரோடு உரையாடுகிறான், பகைவரோடு பொருதுகிறான், பட்டறிவால் வலிமை பெருகுகிறான். கதை முடிய ஐம்பது மணி நேரமும் ஆகும், நூறு மணி நேரமும் ஆகும்.

நாவலைப் படிப்பவன் தலைவனின் துயரை அருகிருந்து காண்கிறான். இங்கோ ஆடுபவனே தலைவனாய் நின்று அதனை ஏற்கிறான். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களங்களுள் இழவும் ஒன்று என்பதை நாம் அறிவோம். தோழியாய் நெடுவழி நடந்த ஒருத்தி மாயும்போது பிறக்கும் அழுகை ஆடுபவனுக்கே உரியதாகிறது. அதனைக் கதை எவ்வாறு பேணுகின்றது என்பதே இங்கு நாம் காணவேண்டுவது. முடிவைக் கூறாமல் இதனை ஆராய இயலாது. ஆடி முடிக்காதவர்கள் பொறுத்தருள்க.

முதலில் 'டிராகன் குவெஸ்ட் 11'. இது 2017 ஆம் ஆண்டு வெளிவந்தது. கதையமைப்பு யூஜி ஹோரியுடையது. உருவங்களைத் தீட்டியவர் அகிரா தோரியாமா. இசை கோயிச்சி சுகியாமாவினுடையது. பின்னவர் இருவரும் இன்று நம்மிடை இல்லை. ஒளியின் வீரனாகப் பிறந்த இளைஞன் ஒருவன் இருளின் பிறவி எனப் பழிக்கப்பட்டுச் சிறையிடப்படுகிறான். கள்வன் எரிக்கின் துணையால் தப்புகிறான். பின்னர் வெரோனிகா, செரெனா என்னும் இரட்டைச் சகோதரியர் முதலியோர் தோழராய்ச் சேர்கின்றனர். ஊர்தோறும் ஒரு கதை, இரவுதோறும் நெருப்பருகே ஓய்வு என மிக இனிதாகப் பயணம் நடக்கிறது.

கதையின் நடுவில் பேரிடி விழுகிறது. உலகைத் தாங்கும் மரத்தின் நெஞ்சத்தைக் கொடியோன் பறிக்க, மரம் சாய்ந்து உலகம் பாழாகிறது. தோழர் திசைக்கொருவராய்ச் சிதறுகின்றனர். பிரிந்தோரை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்கும் அப்பகுதியே இவ்வாட்டத்தின் உச்சம் என்பேன். எல்லோரும் கிடைத்துவிடுவர் என்று நம்பி நடக்கும் நமக்கு, வெரோனிகாவின் கோல் மட்டுமே கிடைக்கிறது. தோழரை எல்லாம் காப்பாற்றிவிட்டு அவள் தன் உயிரை ஈந்தாள் என்று அறிகிறோம். செரெனா தன் நீண்ட கூந்தலை அறுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். தமக்கையின் மந்திர ஆற்றல் தங்கையிடம் சேர்கிறது.

இங்கே ஆட்டத்தின் விதியும் கதையின் பொருளும் ஒன்றாகக் கலந்துள்ள நுட்பத்தைக் காண்க. போரில் செரெனாவை ஏவும்போதெல்லாம் அவள் கையிலிருந்து வெரோனிகாவின் நெருப்பு எழுகிறது. இல்லாதவள் இருப்பதை ஒவ்வொரு போரும் நினைவூட்டுகிறது. இதனைச் சொல்லால் மட்டும் செய்துவிட முடியாது. ஆட்டம் ஒன்றே செய்ய வல்லது.

ஆயின், இவ்வளவு அரும்பாடுபட்டுக் கட்டியதை ஆசிரியரே பின்னர் இடித்துவிடுகிறார். கொடியோன் வீழ்ந்து, கதை முடிந்ததெனப் பெயர்ப் பட்டியலும் ஓடிய பின்னர், மூன்றாம் பகுதி ஒன்று தொடங்குகிறது. காலத்தைப் பின்னோக்கித் திருப்பி வெரோனிகாவை மீட்கலாம் என்கிறது. வீரன் தனியனாய்ச் செல்கிறான். மரம் சாயாத உலகை அடைகிறான். வெரோனிகா உயிரோடு நிற்கிறாள். செரெனாவின் கூந்தல் மீண்டும் நீண்டிருக்கிறது. துயரத்தால் முதிர்ந்த அந்த இளம்பெண் எங்கே சென்றாள்? அதைப் பற்றிக் கதை வருந்தியதாகத் தெரியவில்லை.

தோழியை மீட்க விரும்புதல் குற்றமன்று. மீட்பதற்கு விலை என்ன என்று கேளாமையே குற்றம். விலை கொடுத்தவன் வீரன் ஒருவனே. நடந்தவற்றை நினைவில் தாங்கி வந்தவன் அவன் மட்டுமே. தோழருக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. எத்துணைப் பெரிய தனிமை இது! ஆனால், 1986 முதல் இத்தொடரில் நாயகனுக்குப் பேச்சு இல்லை. அவன் ஆடுபவனின் நிழலாக இருக்கவேண்டும் என்பது மரபு. மற்றப் பகுதிகளில் நன்மை பயந்த அம்மரபு இங்கே கதையின் வாயை அடைத்துவிடுகிறது. எல்லாம் நினைவுள்ளவன் பேசமாட்டான், பேசவல்லவர்க்கு நினைவில்லை. எனவே அழுகை எழவேண்டிய இடத்தில் அமைதியே நிலவுகிறது. போர்கள் மட்டும் கடுமையாகிக்கொண்டு போகின்றன.

இரண்டாவது, அட்லஸ் நிறுவனத்தின் 'பெர்சோனா 5 ராயல்'. 2016 ஆம் ஆண்டு வெளிவந்த மூல ஆட்டத்தை விரித்து 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட பதிப்பு இது. தோக்கியோவில் பொய்ப்பழி சுமந்த மாணவன் ஒருவன், தோழருடன் கூடிக் கொடியோரின் உள்ளத்துள் புகுந்து அவர்களைத் திருத்தும் கதை. ஆட்டம் நாட்காட்டியின்படி நடக்கிறது. பள்ளி விட்டபின் ஒரு மாலையை நூல் படிப்பதில் கழித்தால் நண்பனைக் காண இயலாது. நண்பனைக் கண்டால் வேலைக்குச் செல்ல இயலாது. கழிந்த நாள் கழிந்ததுதான். ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தே ஆகவேண்டும் என்னும் பாடத்தை நூறு மணி நேரம் கைப்பழக்கமாகவே கற்பித்துவிடுகிறது.

விரித்த பதிப்பில் சேர்ந்த புதிய பகுதி சனவரித் திங்களில் தொடங்குகிறது. பள்ளியின் உளநல ஆலோசகராகிய மாருகி, எல்லோருடைய துயரையும் துடைத்த ஓர் உலகைப் படைத்துவிடுகிறார். இறந்த தாய் மகளோடு உண்கிறாள். இறந்த தந்தை மகளோடு உரையாடுகிறார். விபத்தில் தன்னைக் காத்து மாண்ட அக்காளை மறக்க இயலாமல் தவித்த சுமிரே என்னும் பெண், அவர் உதவியால் தன்னையே அந்த அக்காள் என்று நம்பி வாழ்கிறாள். மாருகி கொடியவர் அல்லர். தாம் நேசித்த பெண்ணின் துயரைத் தீர்க்கப்போய், அவள் நினைவிலிருந்து தாமே மறைந்துபோனவர். அவர் வாதம் அன்பிலிருந்து பிறந்தது. ஆதலால் அதனை மறுப்பது எளிதன்று.

அவ்வுலகை ஏற்பதா, மறுப்பதா என்பதை ஆடுபவனே முடிவு செய்யவேண்டும். ஏற்றுக்கொண்டால் ஆட்டம் அவனை இடித்துரைப்பதில்லை. எல்லோரும் மகிழ்ந்திருக்கும் காட்சிகளோடு முடிந்துவிடுகிறது. அம்மகிழ்ச்சியே நம்மை அச்சுறுத்துகிறது. மறுத்தால், அவ்வுலகில் மட்டுமே உயிரோடிருக்கும் அகேச்சி என்னும் தோழனை இழக்க நேரும். அவனோ, பிறர் இரக்கத்தால் தரப்பட்ட வாழ்வு தனக்கு வேண்டா என்கிறான். முன்னைய ஆட்டம் கேளாது விட்ட வினாவை இவ்வாட்டம் நேருக்கு நேர் கேட்டுவிடுகிறது.

குறைகளும் உள. ஒரு முறை கூறியதைத் தோழர் மறுமுறையும் கூறுவர். பின்னர்க் கைப்பேசியிலும் அதையே எழுதுவர். பாதியாகச் சுருக்கினும் பொருள் கெடாத உரையாடல்கள் பல. மாருகியோடு குறித்த காலத்துக்குள் போதிய நட்புக் கொள்ளாதவனுக்குப் புதிய பகுதி திறப்பதே இல்லை. ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதியை ஆடுபவன் அறியாமலே இழக்கும்படி வைத்தது நல்ல அமைப்பு ஆகாது.

மூன்றாவது, யோகோ தாரோ இயக்கிய 'நியர்: ஆட்டோமேட்டா'. 2017 ஆம் ஆண்டு வெளிவந்தது. மனிதர் இல்லாத புவியில், மனித உருவ எந்திரங்கள் வேற்றுலகத்தார் படைத்த எந்திரங்களோடு பொருதும் கதை. இதன் முதற் பகுதி முடியும் வரை ஆட்டத்தைச் சேமிக்கவே இயலாது. வீழ்ந்தால் தொடக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். 'மீட்சி உறுதி என்று எண்ணாதே' என்னும் எச்சரிக்கை அது. இரண்டாம் சுற்றில் கண்ட நிகழ்ச்சிகளையே பெரும்பாலும் மீண்டும் காணச் செய்வது சலிப்பைத் தருகிறது. நாயகியின் உடையமைப்பு கதையின் தகுதிக்கு ஒவ்வாதது.

ஆயினும் ஆசிரியராய் உள்ளோர் மறக்கவொண்ணாத ஓர் இடம் இதில் உண்டு. போரை வெறுத்து ஒதுங்கிய எந்திரங்களின் சிற்றூர் ஒன்றில், பாஸ்கல் என்னும் எந்திரம் குழந்தை எந்திரங்களுக்குக் கல்வி புகட்டுகிறது. இடர்களிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளட்டும் என்று அவற்றுக்கு அச்சம் என்னும் உணர்வையும் கற்பிக்கிறது. பகை சூழ்ந்த நாளில், அவ்வச்சத்தாலேயே குழந்தைகள் தம்மை மாய்த்துக்கொள்கின்றன. 'என் நினைவை அழித்துவிடு. இன்றேல் என்னைக் கொன்றுவிடு' என்று பாஸ்கல் மன்றாடுகிறது. நினைவை அழித்தால் என்னாகும்? பின்னொரு நாள் அவ்வூருக்குச் சென்றால், பாஸ்கல் வணிகம் செய்துகொண்டிருக்கிறது. விற்பனைப் பொருள்களுள் அக்குழந்தைகளின் உறுப்புகளும் உள்ளன. அவை யாருடையவை என்று அதற்குத் தெரியாது. மறதி துயருக்கு மருந்தாகாது என்பதை இதனினும் கடுமையாக உரைத்த காட்சியை நான் எந்த ஆட்டத்திலும் கண்டதில்லை.

இதன் இறுதி முடிவோ இக்கலையின் இயல்பையே மாற்றிவிடுகிறது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது அதனோடு போரிடவேண்டும். தனியொருவனாக வெல்லுதல் மிக அரிது. பன்முறை வீழ்ந்தபின், முகமறியாத பிற ஆட்டக்காரர்களின் உதவி வந்து சேர்கிறது. வென்றபின் நம்மிடம் ஒன்று கேட்கப்படுகிறது: நம்மைப் போல் தவிக்கும் வேறொருவர்க்கு உதவ, இதுகாறும் நாம் சேமித்த அனைத்தையும் அழிக்க இசைவோமா? இசைந்தால், பாடுபட்டுச் சேர்த்தவை யாவும் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைகின்றன. நமக்கு உதவியவர்களும் இவ்வாறே தம்முடையதை இழந்தவர்கள் என்பது அப்போதுதான் நெஞ்சில் தைக்கிறது. நான் இசைந்தேன். நாற்பது மணி நேர உழைப்பு மறைந்தது, வருத்தம் தோன்றவில்லை.

மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். முதலாவது, இழந்ததை மீட்டுத் தந்து நம் அழுகையைச் செல்லாக்காசாக்குகிறது. இரண்டாவது, மீட்கக்கூடிய ஒன்றை விட்டுக்கொடுக்கும் துணிவை நம்மிடம் வேண்டுகிறது. மூன்றாவது, நம் கையிலுள்ளதையே கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஓவியத்தாலும் இனிமையாலும் 'டிராகன் குவெஸ்ட்' முதன்மை பெறலாம். உண்மையால் முதன்மை பெறுவது 'நியர்'.

தாயை இழந்த மாணவன் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, 'காலத்தைத் திருப்பலாம்' என்று நாம் அவனிடம் கூறுவதில்லை. 'மறந்துவிடு' என்று கூறுவதும் முறையன்று. நினைவோடு நடக்கக் கற்றுக்கொடுப்பதே ஆசிரியர் செய்யக்கூடியது. நல்ல கதை செய்வதும் அதுவே. செய்ததைச் செய்யாததாக்கும் ஆற்றல் தன்னிடம் இருந்தும், அதனைக் கையாளாது நிற்கும் ஆட்டமே கலை என்னும் பெயருக்கு உரியதாகும்.