மலை எங்கே போயிற்று?

பார்வையற்ற மாணவர் இணையவழியில் கல்லூரிப் பாடம் படிக்க முடியுமா என்று ஐயுறுவோர் இன்னமும் உண்டு. தாராளமாக முடியும். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. என்.வி.டி.ஏ. என்பது 2006-ல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்ற ஒருவரே எழுதத் தொடங்கியது. காசு வேண்டாம், தமிழும் படிக்கும். குறை எங்கே என்றால், நாம் ஏற்றும் பாடத்தில்.

திருவண்ணாமலை என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அதன் கடைசியிலுள்ள ‘மலை’யைப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் நம் கண்ணுக்கு மலை தெரியும். கணிப்பொறியின் நினைவிலோ கே, ஐ, ஒய் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளே இருக்கும்! அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறோம். குரல் மென்பொருள் போர்வையை அறியாது. உள்ளே இருப்பதையே வாசிக்கும். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் உண்டு. அதில் மலை மலையாகவே ஒலிக்கும். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் குறிப்பு தருவதைச் சோம்பல் என்றே சொல்வேன். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றுவது அதைவிட மோசம். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் கருவிகள் உண்டென்றாலும், சமன்பாடு வந்ததும் தடுமாறிவிடும்.

காணொளிப் பாடங்களுக்கு வருவோம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.ஈ.எல்., மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் இரண்டும் பெருங்கொடைகள். என்.பி.டி.ஈ.எல். பல உரைகளை எழுத்தாக்கி, சிலவற்றைத் தமிழிலும் தருகிறது. காது கேளாதவருக்கு அது நல்ல துணை. ஆனால் கரும்பலகையைக் காட்டி, “இதை இதனால் வகுத்தால் இது வரும்” என்று ஆசிரியர் சொல்வதை வரி பிசகாமல் எழுதித் தந்தாலும் பார்வையற்றவருக்கு என்ன விளங்கும்? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் “இதோ, அதோ” என்றே ஒருவரை அழைத்துச் செல்வது போலத்தான். இந்திர லிங்கம், அடுத்தது அக்னி லிங்கம் என்று பெயர் சொன்னால் அவரும் இடமறிந்து நடப்பார். “விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம்” என்று வாய்விட்டுச் சொல்ல எத்தனை நொடி ஆகும்?

குறை சொன்னால் உள்ளதும் போய்விடும் என்பர். அமெரிக்காவில் அப்படியும் நடந்தது. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடங்கள் தமக்குப் பயன்படவில்லையெனக் காது கேளாதோர் முறையிட்டனர். 2017-ல் பல்கலைக்கழகம் 20,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டது. விசித்திரமான சிக்கனம்! எடுத்து முடித்ததைத் திருத்துவதற்குச் செலவு மிகுதிதான். எடுக்கும்போதே கவனித்தால் அவ்வளவு ஆகாது.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மின்னணு வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. கல்லூரி ஆசிரியர்கள் அடுத்த பாடக்குறிப்பை ஏற்றுமுன் திரையை அணைத்துவிட்டு, என்.வி.டி.ஏ.யில் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.