பட்டு இழையில் ஒரு தேவைக் கோடு

பொருளாதாரம் படித்தால் பேங்க் வேலைக்கோ குரூப் தேர்வுக்கோதான் போக வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்? எம்.ஏ. பொருளாதாரமும் சிறப்புக் கல்வி பி.எட்.டும் சேர்ந்தால் கிடைக்கிற ருசி வேறு எந்தப் படிப்பிலும் கிடையாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எங்கள் ஊர் களம்பூர். ஆரணி ரோடு ரயில் நிலையம் இருப்பது எங்கள் ஊரில்தான். அங்கே ரயிலேறித் திருவண்ணாமலை போய்த்தான் படித்தேன். அரிசி ஆலையும் பட்டுத் தறியும் உள்ள ஊரில் விலை, கூலி, தரகு எல்லாம் சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அமர்த்தியா சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரை. சமத்துவம் என்கிறோமே, எதில் சமத்துவம் என்று கேட்டார் அவர். இரண்டு பேர் கையில் ஒரே தொகையைக் கொடுத்தாலும், உடல் குறைபாடு உள்ளவரால் அதை வைத்துச் செய்ய முடிவது குறைவு. பணத்தை எண்ணினால் போதாது, அதைக்கொண்டு அந்த மனிதரால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய விஷயம் இது! பள்ளிக்கூடத்துக்கு அப்படியே பொருந்துகிறது: எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே கரும்பலகை. எல்லாருக்கும் ஒரே படிப்பா கிடைக்கிறது?

பி.எட். பயிற்சிக் காலத்தில் பதினொன்றாம் வகுப்பில் பார்வையில்லாத ஒரு மாணவி இருந்தாள். தேவைக் கோடு, அளிப்புக் கோடு இரண்டையும் அவளுக்கு எப்படிக் காட்டுவது? ஒற்றைப் பட்டு இழை விரலுக்குப் பிடிபடாது. பாவு இழை நாலைந்தைச் சேர்த்துத் திரித்து, அட்டையில் பசை தடவி மேலிருந்து கீழே சரிவாக ஒட்டினேன், அது தேவை. அளிப்புக்கு முரட்டுப் பருத்தி நூல். இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஒரு முடிச்சு. வழவழப்பான இழையில் விரலை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தவள் முடிச்சில் நிறுத்தி, "டீச்சர், வெல இங்கதான் நிக்குமா?" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் மொத்த வகுப்பும் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தது. படத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்த பிள்ளைகளுக்கும் சமநிலை விலை அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு பிள்ளைக்காக யோசித்தது நாற்பது பிள்ளைகளுக்கும் உதவியது!

இன்னொரு பக்கம் வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றுக்காக விட்டுக்கொடுக்கிற இன்னொன்றின் விலை. தறி நெய்கிற ஒரு அம்மாவைப் பார்த்து, இயன்முறைப் பயிற்சி இலவசம்தானே, குறைபாடுள்ள பிள்ளையை ஏன் ஒழுங்காகக் கூட்டி வருவதில்லை என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். தறியில் உட்காராத நாளுக்குக் கூலி கிடையாது. அந்தப் பயிற்சிக்காக ஆரணி போய் வந்தால் அன்றைய வேலை போச்சு, பஸ் செலவு வேறு. பொருளாதாரம் படித்த ஆசிரியருக்கு அந்த அம்மாவின் கணக்கு சட்டென்று புரியும். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை அவருக்குச் சொல்லிக்கொடுக்க பி.எட். கைகொடுக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது எத்தனை பெரிய பலம்!

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் 2019-இல் நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர்கள். மும்பை, வதோதரா பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர்கள். நம் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் 2022 முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலையிலிருந்து தொடங்குவதும் அந்த வழிதான். பொருளாதாரம் வகுப்பறைக்குள் எப்போதோ வந்துவிட்டது.

தேவையும் கொட்டிக் கிடக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. தொடக்க வகுப்புகளில் குறைபாடுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கை மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? நீங்கள் வாருங்கள்!

பி.ஏ.வோடு நின்றுவிடாதீர்கள். நம் மாநிலத்தில் வழக்கமான பி.எட்.டில் சேரப் பொருளாதாரத்துக்கு முதுகலை கேட்கிறார்கள். சிறப்புக் கல்விக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். செவித்திறனா, பார்வையா, அறிவுசார் குறைபாடா, எந்தப் பிரிவை எடுப்பது என்று குழம்பினால், அனுமதி கேட்டு அருகிலுள்ள சிறப்புப் பள்ளியில் ஒரு வாரம் போய் உட்காருங்கள். பிள்ளைகளோடு பழகப் பழக எந்தப் பிரிவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.