இலக்கும் கருவியும்: மூன்று விழுக்காடு குறித்து

பொருளாதாரத் திட்டங்களில் 'இலக்கு' என்னும் சொல் எப்போதும் ஒரே பொருளில் ஆளப்படுவதில்லை. இலக்குகள் எத்தனையோ அத்தனை கருவிகளேனும் அரசிடம் இருத்தல் வேண்டும் என்பது டச்சுப் பொருளியலறிஞர் யான் டின்பெர்கன் 1952இல் வகுத்த நெறி. மலேசியாவில் 1971இல் அறிமுகமான புதிய பொருளாதாரக் கொள்கை, 1990க்குள் நிறுவனப் பங்குடைமையில் பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு என வரையறுத்தது. அதற்குத் துணையாக 1975இல் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டமும், 1978இல் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனமும் எழுந்தன. 1981 முதல் அமானா சஹாம் நேஷனல் அப்பங்குகளின் பயனைச் சிறு சேமிப்பாளரிடம் கொண்டு சேர்த்தது. அந்த 30 எட்டப்பட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (பங்கை முகமதிப்பில் கணிப்பதா சந்தை விலையில் கணிப்பதா என்பதே சிக்கல்). ஆயினும் அதனை இலக்கு எனத் தயங்காது கூறலாம்.

ஒன்பதாவது மலேசியத் திட்டம் (2006), 2004இல் 1.2 விழுக்காடாக இருந்த இந்தியர் பங்குடைமையை 2020க்குள் 3 விழுக்காடாக உயர்த்த முனைந்தது. முன்னதற்கு ஈடான சட்டமோ நிறுவனமோ இதற்கு அமையவில்லை. எனவே இதனை விருப்பம் எனலாமேயன்றி இலக்கு எனல் பொருந்தாது. 3 போதுமா என்னும் வாதத்தினும், எதனைக் கொண்டு எய்துவது என்னும் வினாவே முதன்மையானது. அடுத்து, யாருக்கு என்னும் வினா. செல்வர் சிலர் பங்குகளை வாங்கினாலும் அவ்வெண் நிறைவேறிவிடும். தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் சேர்ந்த குடும்பத்தின் வருவாய் அதனால் ஒரு வெள்ளியும் உயராது.