மேலவையைக் கலைத்தது யாருடைய கடன்?

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் சட்டமன்ற மேலவை இருந்தது என்று யாரிடமாவது பேச்செடுத்துப் பாருங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே வெண்ணிற ஆடை நிர்மலா வந்துவிடுவார். "ஒரு நடிகைக்காக எம்.ஜி.ஆர். மேலவையையே கலைச்சுட்டாரே!" என்பார்கள். சொல்பவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும். தேநீர்க்கடையில் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. அரசியல் வரலாறு எழுதுகிறவர்களும் மேலவையின் கடைசிப் பக்கத்தில் அவரைத்தான் நிறுத்துகிறார்கள். பல்லாண்டுத் தேர்தல் வரலாறு கொண்ட ஒரு சபை, ஒரு பெண்ணின் கடன் பாக்கியில் போய் முடிகிறது.

எனக்கு இந்தக் கதை சொல்லப்படும் விதத்தில்தான் சண்டை. சம்பவம் நடந்தது உண்மை. 1986 ஏப்ரலில் எம்.ஜி.ஆர். அரசு நிர்மலாவை மேலவைக்கு நியமிக்க முடிவு செய்தது. அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி ஒரு வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். திவால் நிலையிலிருந்து விடுவிக்கப்படாதவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 191ஆவது பிரிவு. கடனை அடைக்க ஏற்பாடு நடந்தது. ஆனாலும் நிர்மலா விலகிக்கொண்டார். மே 14 அன்று மேலவையைக் கலைக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமல் போனது. கடைசித் தலைவர் ம.பொ.சி.

இப்போது இந்தக் கதையில் விட்டுப்போனதைச் சேர்ப்போம். அதே ஆண்டு பிப்ரவரியில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சியை வீழ்த்தி, பெரும்பாலான நகராட்சிகளைத் தி.மு.க. பிடித்தது. மேலவை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு உண்டு. அடுத்து மேலவைத் தேர்தல் நடந்தால் அந்த இடங்கள் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட யாருக்கும் சோதிடர் தேவையில்லை. போதாததற்கு, 1984 முதல் கருணாநிதி அந்த மேலவையில்தான் உட்கார்ந்திருந்தார். தீர்மானத்துக்கு எது முதன்மைக் காரணம் என்று எம்.ஜி.ஆர். மனதுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது. ஆனால், பிப்ரவரியை விட்டுவிட்டு ஏப்ரலை மட்டும் சொல்கிற வரலாறு யாருக்கு வசதி என்று கேட்க முடியும். இரண்டு பெரிய ஆண் தலைவர்களின் அதிகாரப் போட்டி ஓரமாகப் போய்விடுகிறது. நடுக்கூடத்தில் நிற்பது ஒரு நடிகையின் கடன்.

அவர் கேட்டு வாங்கிய பதவி என்றே வைத்துக்கொண்டாலும், நியமிக்கும் முடிவு அவருடையதா? தகுதி உண்டா என்று பார்த்திருக்க வேண்டியது அரசின் வேலை. அந்தத் தவறு அரசின் கணக்கில் எழுதப்படவில்லை.

மேலவை என்ற ஏற்பாடே பக்கவாசல்தான். அந்த வாசல் வழியாக ஆண்கள் நுழைந்தபோது என்ன பெயர் சொன்னோம்? 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 375இல் 152 இடம். பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். அவர் முதலமைச்சரானார். அன்று எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடுத்தார்கள். ஆனால் இன்று அந்த நுழைவு 'ராஜதந்திரம்' என்ற தலைப்பில் பேசப்படுகிறது. 1967இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அண்ணா முதல்வரானபோது அவரும் மேலவை வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் வந்தார். அது 'நடைமுறை'. ஒரு நடிகை வந்தால் மட்டும் அது 'கூத்து'. சட்டம் அனுமதித்த வாசல் மூவருக்கும் ஒன்றுதான். நிர்மலாவின் திவால் சட்டப்படி ஒரு தடை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் பெயர் சொன்னவுடன் வருகிற சிரிப்பு 191ஆவது பிரிவைப் பார்த்து வருவதா?

இந்தச் சிரிப்பைத் தாண்டி உள்ளே போனால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. மேலவைத் தேர்தல்களில் வாக்களித்தவர்கள் யார்?

சென்னை மாகாணம் இந்த விஷயத்தில் முன்னோடி என்று பெருமையாகச் சொல்வோம். 1921இலேயே இங்கே பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் சொத்து இருந்தால்தான் வாக்கு. பெண்ணின் பேரில் சொத்து எழுதாத சமூகத்தில் அந்த உரிமை எத்தனை பேரைச் சென்று சேர்ந்திருக்கும்? 1926இல் போட்டியிடவும் அனுமதி கிடைத்தது. அப்போது மாகாணத்துக்கு ஒரே சபைதான். அதன் பெயர் சட்டமன்றக் கவுன்சில். மங்களூர் பகுதியிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய சுயேச்சையாக நின்று குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். உள்ளே போன பெண் முத்துலட்சுமி ரெட்டி. அவர் நியமன உறுப்பினர். போனவர் சும்மா இருக்கவில்லை. துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார், 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் தூக்கிப் போட்டார். நியமனம் என்றாலே பொம்மை என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். இருந்தாலும் தேர்தல் வழி அடைத்து, நியமன வழி திறந்த அந்தப் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணத்துக்கு இரண்டு அவைகளைத் தந்தது. கீழே 215 பேர் கொண்ட பேரவை, அதில் பெண்களுக்கு 8 இடங்கள். மேலே கவுன்சில். அதன் தேர்தல் இடங்கள் இப்படிப் பிரிக்கப்பட்டன: பொது 35, முஸ்லிம் 7, இந்தியக் கிறித்தவர் 3, ஐரோப்பியர் 1. பெண்களுக்கு ஒன்றுமில்லை. ஓர் ஐரோப்பியருக்கு இடம் ஒதுக்கத் தோன்றிய மூளைக்கு, மாகாணத்தின் பாதி மக்கள் நினைவுக்கு வரவில்லை. மிச்சம் 8 முதல் 10 இடங்கள் ஆளுநரின் விருப்பத்துக்கு. வேண்டுமானால் அவர் தயவில் வரலாம். வாக்காளராவதற்கான சொத்துத் தகுதியும் பேரவைக்கு இருந்ததைவிட மிக உயரம்.

குடியரசு வந்து சொத்துத் தகுதி போனது. அந்த இடத்துக்கு வேறு தகுதிகள் வந்தன. அரசமைப்புச் சட்டத்தின் 171ஆவது பிரிவு மேலவையை இப்படிப் பங்கிட்டது: மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களும், மூன்றில் ஒரு பங்கைப் பேரவை உறுப்பினர்களும் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. மீதம் நியமனம். பார்க்க அழகான பங்கீடு. ஒவ்வொரு பங்கையும் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் சுவர்கள் தெரியும்.

பட்டதாரித் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர்கூட இல்லை. அப்படியானால் பட்டம் பெற்று மூன்றாண்டு முடித்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இருந்தவர்களும் தாமே விண்ணப்பித்துப் பெயர் சேர்க்க வேண்டும். திருமணமாகி வேறு ஊருக்குப் போனவளின் பட்டச் சான்றிதழ் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னை மாவட்டப் பட்டதாரித் தொகுதியில் நின்றவர் பட்டதாரியா என்று ஒரு வழக்கு நடந்தது. வேட்பாளர் பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை, வாக்காளருக்குத்தான் அந்தத் தகுதி என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, படிக்காதவர் அங்கே உறுப்பினராகலாம். படிக்க அனுப்பப்படாத பெண் அவருக்கு வாக்களிக்க முடியாது.

ஆசிரியர் தொகுதி எனக்கு இன்னும் நெருக்கமானது. என் அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுத்த கை அது. மேலவைத் தேர்தல் வந்தால் எங்கள் தெருவிலிருந்த உயர்நிலைப் பள்ளி கணக்கு சாரைத் தேடி வேட்பாளர்கள் வருவார்கள். அம்மாவைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. "அது பெரிய ஸ்கூல் சாருங்களுக்குத்தாம்மா" என்பார், சாதாரணமாக. அவர் சொன்னது சட்டப்படி சரி. இடைநிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் மூன்றாண்டாவது கற்பித்தவர்களே 171ஆவது பிரிவின் பார்வையில் ஆசிரியர்கள். அதற்குக் கீழே இருப்பவர்களை அந்தப் பிரிவு கணக்கில் எடுப்பதில்லை.

கீழே யார் இருந்தார்கள்? சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது பெண்ணுக்கு 'இயல்பாக வரும்' வேலை என்று சொல்லி நம்மை எங்கே அனுப்பினார்களோ அங்கேதான் இருந்தோம். தொடக்கப் பள்ளிகள், பால்வாடிகள். மூக்கு துடைத்து, கால் கழுவிவிட்டு, கை பிடித்து எழுத வைப்பது தாய்மையின் நீட்சி. அல்ஜீப்ரா நடத்துவது அறிவு. அறிவுக்கு வாக்கு உண்டு, தாய்மைக்குப் பாராட்டு மட்டும். மேலவையை 'அறிஞர் அவை' என்று போற்றி எழுதியவர்கள் யாரும் இந்தக் கோடு எங்கே போடப்பட்டது என்று கேட்டதாக நான் படித்ததில்லை. இந்தக் கோட்டில் 'பெண்' என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

உள்ளாட்சித் தொகுதியின் கதைதான் மிகவும் வலிக்கிறது. மேலவை இருந்த காலம் முழுவதும் நகராட்சிகளிலும் ஊராட்சி ஒன்றியங்களிலும் ஆண்களே நிறைந்திருந்தார்கள். 1986இல் மேலவை மூடப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1996 அக்டோபரில், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்ற இடஒதுக்கீட்டோடு தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பிறகு 2016இல் அது சரிபாதி என்று சட்டமானது. மேலவை இன்று இருந்திருந்தால் அதன் மிகப்பெரிய வாக்காளர் கூட்டங்களில் ஒன்றில் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் தலித் பெண்களும் இருக்கிறார்கள். வாக்குச்சீட்டு அந்தக் கைகளுக்கு வரும் நேரத்தில் வாக்குப்பெட்டியே இல்லை.

உடனே, 'அப்படியானால் மேலவை மீண்டும் வேண்டும் என்கிறாயா?' என்று கேட்பீர்கள். அவ்வளவு எளிதாக என்னால் ஆமாம் சொல்ல முடியவில்லை. 1989இல் தி.மு.க. ஆட்சி மீட்கத் தீர்மானம் போட்டது, 1991இல் அ.தி.மு.க. ஆட்சி அதை ரத்து செய்தது. 2010இல் மீண்டும் தீர்மானம், நாடாளுமன்றத்தில் சட்டமும் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்ற தீர்மானம். இந்தப் பரமபத விளையாட்டில் ஒவ்வொரு முறையும் பேசப்பட்டது செலவு, அறிஞர் பெருமை, கட்சிக் கணக்கு. வாக்காளர் வரையறையை மாற்றலாமா என்ற பேச்சு எழவே இல்லை. எழுந்திருந்தாலும் மாநிலத்தால் தனியாக மாற்ற முடியாது, அந்தக் கோடு அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு யார் தடை போட்டார்கள்?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய ஆறு மாநிலங்களில் மேலவைகள் இன்றும் நடக்கின்றன. 2023இல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியபோது நாடே கைதட்டியது. அந்தத் திருத்தம் மக்களவைக்கும் மாநிலப் பேரவைகளுக்கும் டெல்லிச் சட்டமன்றத்துக்கும்தான். மாநிலங்களவைக்கு இல்லை, மாநில மேலவைகளுக்கும் இல்லை. 1935இல் கீழவையில் 8 இடம் கொடுத்துவிட்டு மேலவைக் கதவைச் சாத்தியதைச் சற்று முன் பார்த்தோம். கிட்டத்தட்ட 90 ஆண்டு கழித்து, நம்முடைய சொந்த நாடாளுமன்றம் அதே கதவை அதே மாதிரி சாத்தியிருக்கிறது.

அதனால் மேலவையை மீட்கிறோம் என்று எந்தக் கட்சி வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் வாக்கு உண்டா? கட்சிகள் நிறுத்தும் வேட்பாளர்களில் பாதிப் பேர் பெண்களா? கலை, இலக்கியம், சமூகப் பணி என்ற பெயரில் நடக்கும் நியமனங்களில் பெண்களின் பங்கு எவ்வளவு? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் பழைய கட்டடத்துக்குப் புது வெள்ளை அடிப்பதில் நமக்கு வேலையில்லை.

மேலவை வரலாற்றை இனி எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1986ஐ எழுதும்போது பிப்ரவரியிலிருந்து தொடங்குங்கள். நிர்மலாவின் பெயர் வரட்டும், நடந்தது நடந்ததுதான். அவருக்கு முன்பாக உள்ளாட்சி முடிவுகளும், நியமனத்துக்குப் பரிந்துரைத்த அரசும், வாக்குப் பட்டியலில் இடம்பெறாத ஆயிரமாயிரம் ஒன்றாம் வகுப்பு டீச்சர்களும் வரட்டும்.