ஒளித்து வைக்கப்பட்ட பெயர்: வீடியோ விளையாட்டுக் கைத்தொழிலும் படைப்பாளி பற்றிய பிரச்சினையும்

1

வீடியோ விளையாட்டுக்கள் பற்றி மேனாடுகளில் நடைபெற்றுவரும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. அவை இளைஞரைக் கெடுக்கின்றனவா என்பது ஒன்று. அவை கலையாகக் கொள்ளத்தக்கனவா என்பது மற்றையது. முதலாவது வினா 1993ஆம் ஆண்டு அமெரிக்க செனற் சபையின் விசாரணைவரை சென்றது. அதன் விளைவாக அடுத்த ஆண்டிலே, விளையாட்டுக்களை வயதுக்கேற்பத் தரப்படுத்தும் சபையொன்றைக் கைத்தொழிலதிபர்கள் தாமே அமைத்துக்கொண்டனர். இரண்டாவது வினா 2010இல், வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாகாது எனத் திரைப்பட விமர்சகர் றொஜர் ஈபேட் எழுதியபோது சூடுபிடித்தது.

இவ்விரு வினாக்களும் 2011 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் ஒன்றுசேர்ந்தன எனலாம். வன்முறை மிகுந்த விளையாட்டுக்களைச் சிறுவருக்கு விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியா மாநிலச் சட்டமொன்றை, எழுவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால் அந்நீதிமன்றம் செல்லாததாக்கியது. நூல்களும் நாடகங்களும் திரைப்படங்களும் போலவே விளையாட்டுக்களும் கருத்துக்களைத் தெரிவிக்கின்றன; ஆகவே அவற்றுக்கும் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். நாமும் தணிக்கையின் பக்கம் நிற்பவரல்லோம். ஆயின் வழக்கில் வென்றவர் யார் என்பதை மனங்கொள்ளல் வேண்டும். வழக்காடியது வணிகர் சங்கம். நூலுக்குள்ள பாதுகாப்பு விளையாட்டுக்கும் கிடைத்தது; நூலாசிரியருக்குள்ள உரிமை விளையாட்டை ஆக்கியவருக்கு உண்டா என்பது அங்கு வினாவாகவே எழவில்லை.

உண்மையில் அவ்வினாவுக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கெனவே விடை கூறியிருக்கின்றது. ஊழியர் ஒருவர் தம் வேலையின் பகுதியாக ஆக்கும் ஆக்கத்துக்குத் தொழில் தருநரே ஆசிரியர் எனக் கருதப்படுவார். ஆக்கத்தின் உரிமையாளர் என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை. ஆசிரியர் என்றே அது கூறுகின்றது. இலக்கிய மாணவர்களாகிய எமக்கு இச்சொல் சிந்தனைக்குரியது.

1934இல் எழுதிய ‘உற்பத்தியாளராக எழுத்தாளர்’ என்னும் உரையில் வால்ட்டர் பெஞ்சமின், ஓர் ஆக்கம் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி எத்தகைய நோக்குக் கொண்டுள்ளது எனக் கேட்கும் முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எங்கே நிற்கின்றது எனக் கேட்கவேண்டுமென வற்புறுத்தினார். அவ்வினாவை வீடியோ விளையாட்டிடம் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

1962இல் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்டீவ் றஸலும் அவர்தம் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வோர்’ என்னும் விளையாட்டை ஆக்கினர். அது இயங்கிய பி.டி.பி.-1 கணினியின் விலை ஓர் இலட்சம் டொலருக்கும் அதிகம். விளையாட்டுக்கோ விலை இருக்கவில்லை. ஒருவர் வானத்து விண்மீன்களை உரிய இடங்களில் அமைத்துச் சேர்த்தார். இன்னொருவர் திரையின் நடுவிலுள்ள சூரியனுக்கு ஈர்ப்புவிசையைச் சேர்த்தார். பிரதிகள் வேறு ஆய்வுகூடங்களுக்கும் சென்றன. அத்தகைய கணினியை அணுகும் வாய்ப்பு மிகச் சிறிய வட்டத்தினர்க்கே இருந்ததாகையால் இதனைப் பொற்காலமெனப் போற்றவேண்டியதில்லை. எனினும் விளையாட்டு ஒரு பண்டமாவதற்கு முன்னர் கூட்டுழைப்பின் பயனாக இருந்தது என்பது வரலாற்று உண்மை.

அவ்விளையாட்டை அடியொற்றிக் காசு போட்டு விளையாடும் இயந்திரமொன்றை நோலன் புஷ்னெலும் ரெட் டப்னியும் 1971இல் அமைத்தனர். 1972இல் அவர்கள் நிறுவிய அட்டாரிக் கம்பனியை 1976இல் வோணர் என்னும் பெருநிறுவனம் ஏறத்தாழ 28 மில்லியன் டொலருக்கு வாங்கிற்று. 1977இல் வெளிவந்த அட்டாரியின் வீட்டு இயந்திரத்துக்கான விளையாட்டுக்கள் பேழைகளில் அடைக்கப்பட்டு விற்கப்பட்டன. ஒரு பேழைக்குரிய விளையாட்டைப் பெரும்பாலும் ஒருவரே ஆக்கினார்: கற்பனையும் செய்நிரலும் படமும் ஒலியும் அவருடையவை. நாவலாசிரியருக்கு இதனைவிட நெருங்கிய ஒப்புமை கைத்தொழில் வரலாற்றில் அரிது. ஆயினும் பேழையிலோ திரையிலோ அவர் பெயர் இருக்கவில்லை.

இந்நிலைக்கு இரு விதமான எதிர்ப்புக்கள் தோன்றின. முதலாவது, டேவிட் கிறேன், அலன் மில்லர், பொப் வைற்ஹெட், லறி கப்லன் ஆகிய நால்வருடையது. கம்பனி தந்த விற்பனைப் பட்டியலொன்றைக் கண்டு, விற்பனை வருமானத்தில் அரைவாசிக்கு மேல் தாம் ஆக்கியவற்றால் வந்தது எனக் கணக்கிட்டதைக் கிறேன் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். பெயரும் பங்கும் கேட்டனர், கிடைக்கவில்லை. 1979இல் வெளியேறி, ஜிம் லெவி என்பவருடன் சேர்ந்து அக்டிவிஷன் என்னும் கம்பனியைத் தொடங்கினர். அதன் வெளியீடுகளில் ஆக்கியோரின் பெயரும் படமும் அச்சிடப்பட்டன.

இரண்டாவது எதிர்ப்பு தனியொருவருடையது. ‘அட்வென்சர்’ என்னும் விளையாட்டை ஆக்கிய வொறன் றொபினெற், அதனுள் இரகசிய அறையொன்றை எவர்க்கும் சொல்லாது கட்டினார். பின்னணியின் நிறத்திலேயே அமைந்து கண்ணுக்குப் புலப்படாதிருந்த ஒரு புள்ளியைக் கண்டெடுத்து, உரிய இடத்துக்குக் கொண்டுசென்றால் அவ்வறை திறக்கும். உள்ளே இருந்தது அவர் பெயர். அவர் கம்பனியை விட்டு நீங்கிய பின்னர், 1980இல் சிறுவனொருவன் எழுதிய கடிதத்தினாலேயே நிர்வாகத்தினர் அதனை அறிந்தனர். பேழையை மாற்றி அமைக்க ஆகும் செலவை எண்ணி அதனை அப்படியே விட்டனர்; பின்னர் அதற்கு ‘ஈஸ்டர் முட்டை’ எனச் செல்லப்பெயரும் இட்டனர். இன்று அவ்வாறு இரகசியங்களை ஒளித்துவைப்பது விளையாட்டுக்களின் விற்பனைக் கவர்ச்சிகளுள் ஒன்று. பெயர் மறுக்கப்பட்ட உழைப்பாளியின் முறைப்பாடு பண்டத்தின் அலங்காரமாக மாறிய விதம் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இதே காலத்தில் நேர்ந்த வீழ்ச்சியையும் இவ்வுறவுகளின் அடிப்படையிலேயே விளக்கலாம். 1982ஆம் ஆண்டு நத்தார்ச் சந்தையைப் பிடிப்பதற்காக ‘ஈ.ரி.’ திரைப்படத்தை விளையாட்டாக்கும் பணி ஹவாட் ஸ்கொட் வோஷோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரங்கள். மில்லியன் கணக்கில் செய்யப்பட்ட பேழைகளில் பெரும்பகுதி விலைபோகவில்லை. 1983 செப்ரெம்பரில் நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோடோ நகரின் குப்பைமேட்டில் அட்டாரி தன் பொருள்களைக் கொட்டிப் புதைத்தது. 2014இல் அகழ்ந்தபோது ‘ஈ.ரி.’யுடன் வேறு பல விளையாட்டுக்களும் வெளிவந்தன. கைத்தொழிலின் வீழ்ச்சிக்கு ஒரு மோசமான விளையாட்டே காரணமென்னும் கதை இன்றும் வழங்குகின்றது. சந்தை தாங்கக்கூடியதற்கு மேல் பல கம்பனிகள் போட்டியிட்டு உற்பத்தி செய்ததால் ஏற்பட்ட மிகையுற்பத்தி நெருக்கடி அது. பெயர் சொல்லத் தகாதவராக இருந்த ஆக்குநர், பழி சுமத்தும்போது மாத்திரம் பெயர் பெற்றுவிடுகின்றார்.

இப்பிரச்சினை முதலாளித்துவ நாடுகளுக்கு மட்டுமே உரியது என எழுதுவது எமக்கு வசதியாக இருக்கும், உண்மையாக இராது. 1980களின் நடுப்பகுதியில் மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்சி பஜித்னோவ் ‘டெட்ரிஸ்’ விளையாட்டை ஆக்கினார். அதன் உரிமைகளை அரச வர்த்தக நிறுவனமொன்று வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு விற்றது. 1989இல் யப்பானிய நின்டெண்டோக் கம்பனியின் கைக்கருவியோடு சேர்த்து அது உலகெங்கும் பரவியது. ஆக்கியவருக்கு உரிமைப் பங்கு கிடைக்கத் தொடங்கியது 1996இலேயே. பொதுவுடைமை பேசிய அரசும் உலகச் சந்தைக்கு வந்தபோது ஆக்கியவரை மறந்தது.

3

இதுவரை கூறியவை விளையாட்டின் புறத்தே நிகழ்ந்தவை எனவும், ஆக்கத்தின் உள்ளடக்கம் முற்போக்கானதாயின் அதனைத் தனியே மதிப்பிடலாம் எனவும் சிலர் கூறக்கூடும். அக்கூற்றைப் பரிசீலிப்பதற்கு 2019 ஒக்ரோபரில் வெளிவந்த ‘டிஸ்கோ எலிசிய’த்தை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. எஸ்தோனியாவில் இலக்கியத்திலும் ஓவியத்திலும் ஈடுபட்டிருந்த நண்பர் குழுவொன்றிலிருந்து தோன்றிய ஸா-உம் கம்பனியின் முதல் விளையாட்டு அது. அதன் தலைமை வடிவமைப்பாளரான றொபேட் குர்விட்ஸ், அதே கற்பனை உலகைக் களமாகக் கொண்டு 2013இல் நாவலொன்றை வெளியிட்டவர்.

கதை றெவாஷோல் என்னும் நகரத்தில் நிகழ்கின்றது. பல்லாண்டுகளுக்கு முன் அங்கு புரட்சி நடந்து கொம்யூன் ஒன்று எழுந்தது. அந்நிய அரசுகளின் கூட்டணி அதனை நசுக்கியது. நகரம் இன்றும் அக்கூட்டணியின் பிடியில் இருக்கின்றது. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர்; கம்பனி அமர்த்திய கூலிப்படையாள் ஒருவன் மரத்தில் தூக்கிலே தொங்குகின்றான். அதனை விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி அளவிறந்து குடித்துத் தன் நினைவை முற்றாக இழந்துள்ளான். தன் பெயர் என்ன என்பதையும் அவன் விசாரித்தே அறியவேண்டும்.

இவ்விளையாட்டில் துப்பாக்கிச் சண்டை அருகியே உள்ளது, உரையாடலே செயல். நாயகனின் 24 ஆற்றல்கள் ஒவ்வொன்றும் அவன் மனத்துள் தனிக்குரலாகப் பேசுகின்றன. ஒன்றையொன்று மறுக்கின்றன, சிலவேளை பொய்யும் சொல்கின்றன. நாவலில் நனவோடை உத்தி செய்யும் பணியை இங்கு அவை செய்கின்றன; ஆயின் எக்குரலுக்குச் செவிசாய்ப்பது என்பதை விளையாடுபவரே முடிவுசெய்ய வேண்டும். அம்முடிவை இரு தாயக்கட்டைகள் கவிழ்க்கவும் கூடும். ஓர் அரசியல் நிலைப்பாட்டை எடுப்பது என்பது வாசகருக்கு வெளியே நடக்கும் காரியமாக இல்லாமல் அவருடைய செயலாகிவிடுகின்றது. கலையாகுமா என்னும் வினாவுக்கு இது போதிய விடை என்பது எமது கருத்து.

தொழிற்சங்கத் தலைவன் புனிதனாகச் சித்திரிக்கப்படவில்லை. தந்திரமும் ஊழலும் உடையவன். கம்பனியின் பிரதிநிதி பண்பும் அறிவும் உடைய பெண். எனினும் எவர் எந்த நலனுக்காகப் பேசுகின்றார் என்பது ஒருபோதும் மங்குவதில்லை. இவ்வகையில் இது வரட்டுப் பிரசாரத்திலிருந்து விலகிய யதார்த்தம். குறையும் உண்டு. கொலையாளி, தோற்ற கொம்யூனின் எஞ்சிய போராளியாகிய ஒரு முதியவன். புரட்சி இறந்தகாலத்தின் காயமாகவே காட்டப்படுகின்றது. 2021இல் விரிவாக்கப்பட்ட பதிப்பில் வரும் கம்யூனிஸ்ற் வாசிப்பு வட்டத்தில் இருப்பவர் இரண்டே மாணவர்; அவர்கள் தீப்பெட்டிகளால் கோபுரம் கட்டுகின்றனர். இது எம்மைப் போன்றோரையும் நோக்கிய எள்ளல் என ஏற்றுச் சிரிக்கலாம். ஆனால் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளருள் ஒருவராக நின்று செயற்படும் வாய்ப்பு விளையாடுபவருக்கு இல்லை. நெறியாள்வது ஒரு தனிமனிதனின் உளப்போராட்டமே. கூட்டுச் செயலுக்கு வடிவம் காணாமை இவ்வாக்கத்தின் எல்லை.

2019 டிசம்பரில் விருது பெற்ற மேடையில் இக்குழுவினர் மார்க்சுக்கும் ஏங்கல்சுக்கும் நன்றி கூறினர். 2021இல் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகள் கைமாறின. குர்விட்ஸ், ஓவியர் அலெக்சாந்தர் றொஸ்டோவ், எழுத்தாளர் ஹெலன் ஹிண்ட்பேரே ஆகியோர் அவ்வாண்டின் இறுதியிலிருந்து கம்பனியில் இல்லை என்பது 2022 ஒக்ரோபரில் வெளிவந்தது. தாம் விரும்பி விலகவில்லை என அவர்கள் தரப்பு கூறியது. கம்பனி அவர்கள்மீது வேறு குற்றங்களைச் சாட்டியது. எவர் கூற்றுச் சரி எனத் தீர்ப்பது எமது பணியன்று. இரு தரப்பாலும் மறுக்கப்படாத ஒன்று எமது ஆய்வுக்குப் போதும்: றெவாஷோல் நகரத்தைக் கற்பனை செய்தவருக்கு இனி அந்நகரத்தில் எழுதும் உரிமை இல்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குர்விட்ஸ் நீதிமன்றத்தை நாடியது படைப்பாளி என்ற நிலையிலோ தொழிலாளி என்ற நிலையிலோ அன்று. சிறுபான்மைப் பங்குதாரர் என்ற நிலையிலேயாகும். சட்டம் அவருக்கு வைத்திருந்த கதவு அது ஒன்றே.

உள்ளடக்கம் மூலதனத்தை எதிர்த்தது. ஆக்கம் மூலதனத்தின் சொத்தாக இருந்தது. இவை இரண்டும் ஒரே ஆக்கத்தின் இரு உண்மைகள். ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடும் விமர்சனம், பெட்டியின் மேலட்டையைத் திறனாய்வு செய்ததாகவே முடியும்.

4

அட்டாரியில் பெயர் கேட்டு வெளியேறியோர் தொடங்கிய அக்டிவிஷனின் பிற்கால வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 2023 ஒக்ரோபரில் மைக்ரோசொப்ட் அக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனத்தை வாங்கி முடித்தது, விலை 68.7 பில்லியன் டொலர் என அறிவிக்கப்பட்டிருந்தது. மூன்று மாதங்களின் பின், 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரின் வேலையை நீக்குவதாக அறிவித்தது. இன்று விளையாட்டின் முடிவில் ஆயிரக்கணக்கான பெயர்கள் திரையில் ஓடுகின்றன. றொபினெற் ஒளித்துவைத்தது இன்று பகிரங்கமாகவே கிடைக்கின்றது. ஆயின் பெயர் கிடைத்ததால் உரிமையும் வேலையும் கிடைத்துவிடவில்லை. நால்வரின் எதிர்ப்பு தம்மை முதலாளிகளாக்கிக் கொள்வதில் முடிந்தது. ஒருவரின் எதிர்ப்பு ஓர் இரகசிய அறையில் முடிந்தது. இரண்டும் தனிமனித வழிகள்.

மூன்றாவது வழியொன்று அண்மையில் தென்படுகின்றது. 2004இல் விளையாட்டுத் தொழிலாளி ஒருவரின் துணைவி பெயர் குறியாது எழுதிய பகிரங்கக் கடிதமொன்று, மிகைநேர வேலையின் கொடுமையை வெளிக்கொணர்ந்தது. அதனையொட்டிய காலத்தில் எலெக்ரோனிக் ஆட்ஸ் கம்பனிமீது ஓவியரும் செய்நிரலாளரும் தொடுத்த வழக்குகள் ஏறத்தாழ 30 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் தீர்ந்தன. 2022 மே மாதம் அக்டிவிஷனுக்குச் சொந்தமான றேவன் நிறுவனத்தில், விளையாட்டுக்களின் பிழைகளைச் சோதிக்கும் ஊழியர்கள், 19 வாக்குகளுக்கு 3 என்ற கணக்கில் தொழிற்சங்கம் அமைத்தனர். கைத்தொழிலின் கடைநிலையிலுள்ளோர், பெயர்ப் பட்டியலிலும் சிலவேளை விடுபடுவோர் அவர்களே. 2024 ஜூலையில் நடிகர் சங்கத்தினர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. தம் குரலையும் உடலசைவையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு கம்பனிகள் படியெடுத்துப் பயன்படுத்துவதற்கு வரையறை வேண்டும் என்பது அவர்தம் முதன்மைக் கோரிக்கை.

எமது முற்போக்கு விமர்சன மரபு உருவம், உள்ளடக்கம் பற்றி நீண்ட காலம் விவாதித்து வந்துள்ளது. அவ்விவாதம் வீண்போகவில்லை. ஆயின் நூல் எழுதுபவர் தம் கையெழுத்துப் பிரதிக்கு உரியவர் என்பதை அது பேசாமலே ஏற்றுக்கொண்டிருந்தது. வீடியோ விளையாட்டு அவ்வெடுகோளை உடைக்கின்றது. நாளை கணினியின் துணையுடன் ஆக்கப்படும் எழுத்தும் அதனையே செய்யும். எனவே ஓர் ஆக்கம் என்ன சொல்கின்றது, எவ்வாறு சொல்கின்றது என்ற வினாக்களோடு, அதனைச் சொன்னவர் நாளையும் அதே சொற்களால் பேச உரிமை உடையவரா என்ற வினாவையும் விமர்சனம் கேட்டல் வேண்டும். றேவன் ஊழியர்களின் பத்தொன்பது வாக்குகளை ‘டிஸ்கோ எலிசிய’த்தின் உரையாடல்களோடு ஒருங்கே வைத்துக் கற்கும் விமர்சனமே இத்துறைக்குப் பொருந்தும் என்பது எமது துணிபு.