நடுக்கோட்டில் நின்ற கைப்புள்ள

2019 மே மாதக் கடைசியில், ஆட்டத்திலேயே இல்லாத ஒருவர் ஆட்டநாயகன் ஆனார். நரேந்திர மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்ற நேரம். ட்விட்டரிலோ காண்ட்ராக்டர் நேசமணியின் தலைக்காயம் ஆறவேண்டும் என்று பிரார்த்தனை ஓடிக்கொண்டிருந்தது. நேசமணியாக நடித்த வடிவேலுவின் தலையில் அந்தச் சுத்தியல் விழுந்தது 2001ல், 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில். பதினெட்டு வருஷம் கழித்து உலகம் நலம் விசாரித்தபோது, வடிவேலு கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படம்கூட இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இதைக் கேட்டு யாரும் வாய்பிளக்கவில்லை. இங்கே அவர் ஓய்வு பெற்றதே கிடையாது. தறிக்கூடத்தில் வேலை தெரியாத பையன் உதவிக்கு வந்தால், "நீ ஒரு ஆணியும் புடுங்க வேணாம்பா" என்று அனுப்பிவிடுவார்கள். சொல்கிறவருக்கு அது சினிமா வசனம் என்ற நினைப்பே இருக்காது. மதுரைக்காரர் பேசிய பேச்சு ஐம்பது கிலோமீட்டர் தெற்கே வந்து ஊர்ப்பேச்சில் கலந்துவிட்டது. கலந்தது என்பதுகூடச் சரியில்லை. அந்த லந்தும் அலப்பறையும் இந்தக் கரிசல் பக்கம் ஏற்கெனவே இருந்தவைதான். அவர் எடுத்துக்கொண்டு போய்க் கேமரா முன்னால் வைத்தார்.

எப்படி வைத்தார் என்பதுதான் இந்த வார அலசல்.

பொங்கல் சமயத்தில் பரளச்சி, மண்டபசாலை பக்கம் கபடி பார்த்தவர்களுக்கு ஒரு வகை ரைடரைத் தெரிந்திருக்கும். மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பார், தொடையைத் தட்டுவார், மூச்சுப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். போனவர் எதிரணி உள்கோட்டைக்கூடத் தொடமாட்டார். நடுக்கோட்டை ஒட்டியே நாலு துள்ளல் துள்ளிவிட்டு, ஏதோ சாதித்த முகத்தோடு திரும்புவார். விதிப்படி அவர் அவுட். வடிவேலுவின் ஆட்டம் மொத்தமும் இந்த ரைடுதான்.

'வின்னர்' (2003) படத்தைப் போட்டுப் பாருங்கள். கைப்புள்ளயின் வருத்தப்படாத வாலிபர் சங்கமும் கட்டதுரையின் ஆட்களும் எதிரெதிரே நிற்கிறார்கள். கைப்புள்ள கோட்டைக் காட்டிப் பேசுகிறார்: நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். சத்தத்தைக் குறைத்துவிட்டு உடம்பை மட்டும் கவனியுங்கள். நெஞ்சு முன்னால் வருகிறது, பாதம் பின்னால் போகிறது. விரல் எதிரியைச் சுட்டுகிறது, கண் தப்பிக்கிற வழியைத் தேடுகிறது. இப்போது சத்தத்தைக் கூட்டுங்கள். குரல் அடித்தொண்டையில் அதட்டலாகத் தொடங்கி, எதிராளி ஒரு அடி எடுத்து வைத்ததும் மூக்குக்கு ஏறிக் கெஞ்சலாகிவிடும். அதட்டலுக்கும் கெஞ்சலுக்கும் நடுவே நிறுத்தம் கிடையாது, ஒரே மூச்சு. ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. அடி விழுவது அப்புறம்.

அடி விழுவதிலும் கணக்கு உண்டு. வடிவேலுவைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பாருங்கள்: முத்துக்காளை, வெங்கல் ராவ், போண்டா மணி, அல்வா வாசு, கிங்காங். இவர்களில் நம் மாவட்டத்து ராஜபாளையம் பக்கத்திலிருந்து போன முத்துக்காளை சண்டை நடிகராக வேண்டும் என்று சென்னைக்கு வண்டியேறியவர். வெங்கல் ராவ் ஸ்டன்ட் ஆளாகவே இருந்து, பிறகு சிரிப்புப் பக்கம் வந்தவர். எந்த இடத்தில் கை நிற்க வேண்டும், எந்த நொடியில் விழ வேண்டும் என்பது தொழிலாகத் தெரிந்தவர்கள். அதனால்தான் அந்த அடி உறைப்பாகத் தெரிகிறது, ஆனால் பார்க்கிறவனுக்கு வலிப்பதில்லை. ஒரே முகங்கள் படத்துக்குப் படம் வந்ததைச் சலிப்பு என்றவர்கள் உண்டு. எனக்கு அது பல வருஷம் ஒன்றாக ஆடிய அணி. பந்து எங்கே வரும் என்று பார்க்காமலே கை நீட்டுகிற பழக்கம் ஒரு படத்தில் வந்துவிடாது.

இந்த அணி ஆட்டத்துக்கு வேர் எங்கே என்று கேட்டால், திருச்சுழி, நரிக்குடி பக்கத்துத் திருவிழா மேடையைத்தான் காட்டுவேன். வள்ளி திருமணம் போடுகிற இரவில் முருகன் வர நேரமாகும். முதலில் மேடையேறுவது பபூன். விடியவிடிய உட்காரப்போகிற கூட்டத்தைக் கட்டிவைப்பது அவர் பொறுப்பு. தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்வார், டான்ஸ் ஆடும் பெண்ணிடம் தோற்பார், பின்பாட்டுக்காரரிடம் வாய் கொடுத்து மாட்டுவார். அவர் விழுகிற ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் இருக்கும் ஆல்ரவுண்ட்காரர் டிரம்மில் ஒரு தட்டுத் தட்டுவார். வடிவேலுவின் வாயிலிருந்து வரும் 'அவ்வ்வ்', அந்தத் தட்டையும் தானே வாசித்துக்கொள்கிற வேலை. சினிமாவில் ஆல்ரவுண்ட்காரருக்கு இடமில்லையே!

உலகக் கணக்கில் இவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் தேடினால் ஹாங்காங்கின் ஸ்டீபன் சோ வருகிறார். 1962ல் பிறந்தவர். தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தித் தொடங்கி, 1990ல் 'ஆல் ஃபார் த வின்னர்' படத்தில் வசூல் சாதனை செய்தவர். கான்டனீஸ் மொழியின் தெருப்பேச்சை வைத்துச் சிரிக்கவைப்பவர். வெளியூர்க்காரனுக்குப் பாதி புரியாது என்பார்கள். நம்மூரில் அவரைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் 'குங்ஃபூ ஹசில்' தமிழில் பேசி டிவியில் ஓடியபோது பார்க்காத பொடியன்களும் குறைவு.

2004ல் வந்த அந்தப் படத்தின் முதல் பாதி அப்படியே கைப்புள்ள. பெரிய கோடரிக் கும்பலின் ஆள் என்று பொய் சொல்லிக்கொண்டு ஒரு ஏழைக் குடியிருப்புக்குள் வருகிறான் சோ நடித்த பொடி ரவுடி. சண்டைக்கு வா என்று ஆள் ஆளாகக் கூப்பிடுகிறான். வருகிற ஒவ்வொருவரும் இவனைவிடப் பலசாலி. கத்தி எறிந்தால் அது இவன் தோளிலேயே குத்துகிறது. இதுவரை இரண்டு பேரும் ஒரே ஆட்டம். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. சோவின் பொடியன் கடைசியில் வானம்வரை எழும்பி, புத்தரின் உள்ளங்கை வித்தையோடு இறங்குவான். 'ஷாவ்லின் சாக்கர்' (2001) படத்திலும் ஓட்டாண்டிகளின் கால்பந்து அணி இறுதியில் கோப்பையைத் தூக்கும். படத்தின் இயக்குநர் சோ. ஆட்டம் எப்போது முடியவேண்டும் என்று சொல்லும் விசில் அவர் கையில் இருந்தது. 2008ல் 'சிஜே7' படத்தோடு நடிப்பை நிறுத்திக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் போனார். அங்கிருந்து எடுத்த 'த மெர்மெய்ட்' 2016ல் சீனாவின் வசூல் சாதனையை முறியடித்தது.

வடிவேலு கையில் அந்த விசில் இல்லை. நம் சினிமாவில் காமெடி டிராக் என்பது படத்துக்குள் தனியாக ஓடும் இன்னொரு படம். என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. கலைவாணராவது 'மணமகள்' (1951) என்று தன் பெயரில் ஒரு படத்தை இயக்கிவிட்டார். வடிவேலுவுக்கு டிராக்தான். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் யார் எங்கே நிற்பது, எந்த இழுவையில் வசனம் பேசுவது, எப்போது விழுவது என்பதில் தெரிகிற கை ஒன்றுதான். இயக்குநர்கள் மாறினார்கள், கதாநாயகர்கள் மாறினார்கள். கைப்புள்ளயும் 'தலைநகரம்' (2006) நாய் சேகரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கிறார்கள். டைட்டிலில் பெயர் வராத இயக்குநர் என்று அவரைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இதை ஒத்துக்கொண்டால் அவர் சரிந்த காலமும் புரியும். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) ஏன் ஜெயித்தது? கார்ட்டூன் போட்டுப் பழகிய சிம்புதேவன், மன்னனையே தோற்கிறவனாக வைத்தார். அரண்மனையில் எல்லோரும் புலிகேசியை ஏய்க்கிறார்கள். வீரத்துக்கு இரட்டைப் பிறவித் தம்பி தனியாக இருக்கிறான். ஆக, கைப்புள்ளக்குக் கிரீடம் வைத்ததுதான் நடந்தது. அதற்குப் பின் வந்த 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' (2008), 'தெனாலிராமன்' (2014), 'எலி' (2015) மூன்றும் அவரைக் கெட்டிக்கார நாயகனாக்கப் பார்த்தன. அவரை அடிக்க ஆள் இல்லை. எதிரணி இல்லாத மைதானத்தில் ரைடர் எவ்வளவு நேரம் பாடிக்கொண்டிருப்பார்? நடுவில் 2011 தேர்தலில் அவர் செய்த அரசியல் பிரசாரம் வேறு சேர்ந்தது, அதன் பின் வாய்ப்புகள் சுருங்கின. அப்புறம் புலிகேசியின் அடுத்த பாகத்தில் எழுந்த தகராறில் தயாரிப்பாளர் சங்கத்தின் ரெட் கார்டு. 2021ல்தான் அது நீங்கியது. மறுவருஷம் வந்த 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' பழைய பெயரை மட்டும் கூட்டிவந்தது, பழைய அணியை முழுதாகக் கூட்டிவரவில்லை.

2023ல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தபோது, சிரிக்கவைக்கிறவர் அழவைத்துவிட்டார் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். நடிப்பு உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் புதிதாக முளைத்த திறமை என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1992ல் 'தேவர் மகன்' இசக்கி கை வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பார்க்க வந்தவரிடம், மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால் இனி என்னென்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று அவனே கேலியாகச் சொல்வான். சிரிக்க வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொள்வான், தியேட்டரில் அப்படி ஒரு அமைதி. மாமன்னன் பெரியவர் வீட்டில் நாற்காலி இருந்தும் உட்காராமல் நிற்கிற அந்த நிலை, இசக்கி முப்பது வருஷம் முன்னால் நின்ற இடம். தோற்றவனின் உடம்பை இவ்வளவு நுணுக்கமாகக் கற்றவர் வேறு யார் இருக்கிறார்கள்? அதை வைத்துச் சிரிக்கவும் வைக்கலாம், மூச்சை நிறுத்தவும் வைக்கலாம். இரண்டுக்கும் தசை ஒன்றுதான்.

2025ல் இரண்டு படம். 'வின்னர்' எடுத்த சுந்தர்.சியோடு 'கேங்கர்ஸ்', ஃபகத் ஃபாசிலோடு 'மாரீசன்'. முன்னதில் பழைய பயிற்சியாளர் இருந்தார், வேஷங்களும் இருந்தன. எதிரில் நின்று அடிக்கிறவர்களிடம்தான் அந்தப் பழைய கூட்டத்தின் நேரக்கணக்கு இல்லை. பின்னதில் ஞாபகம் தப்பும் மனிதராக அவர் நிதானமாக ஆடினார். எதிரில் ஈடுகொடுக்க ஒரு ஆள் இருந்ததால் ஆட்டம் நின்றது. அல்வா வாசு 2017ல் போய்விட்டார், போண்டா மணி 2023ல், வெங்கல் ராவ் 2024ல். அவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்காமல் வடிவேலுவை மட்டும் திரும்ப இறக்குவது ஒற்றை ஆளைக் கபடிக்கு அனுப்புகிற கதைதான். பங்குனிப் பொங்கலுக்குத் திருச்சுழி பக்கம் நாலு ஊர் மேடையைப் பார்த்தால், வயிற்றுப்பாட்டுக்கு விழுந்து எழுகிற பபூன்கள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். புதுப் படம் எடுக்கிறவர்கள் காரை மதுரையிலேயே திருப்பிவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் தெற்கே விடலாம்.